கோவலனின் குறை எது? ஒரு மாணவியின் கட்டுரையும் என் சிவப்பு மையும்

கரும்பலகை | செவ்வாய், இரவு 9:50

எல்லோருக்கும் வணக்கம். கலைக்கல்லூரி ஒன்றில் பகுதி 1 தமிழ் எடுக்கிறேன். வகுப்பு பி.எஸ்சி. இயற்பியல் இரண்டாம் ஆண்டு. இந்தப் பருவத்தில் சிலப்பதிகாரம். உள்மதிப்பீட்டுக்காக, ‘காப்பிய மாந்தர் ஒருவரின் குறையை எடுத்துக்கொண்டு, அது கதையை எப்படி நடத்துகிறது என்று விளக்குக’ எனக் கட்டுரை கேட்டிருந்தேன். பத்து மதிப்பெண்.

வந்த தாள்களில் பெரும்பாலானவை கோவலனைப் பற்றித்தான். துறையில் ஒரு விடைக்குறிப்பு இருக்கிறது. மனையறம் பிழைத்து மாதவியிடம் போனது, முன்னோர் தேடிய பொருளைத் தொலைத்தது, ஊழ் என்று மூன்று புள்ளிகள். மூன்றையும் மேற்கோளோடு எழுதினால் 8, நடையும் நன்றாக இருந்தால் 9. அந்தக் கணக்கில் மடமடவென்று திருத்திக்கொண்டே போனேன்.

ஒரு தாளில் கை நின்றுவிட்டது. பொதுவில் போடலாமா என்று அந்த மாணவியிடம் கேட்டேன், சரி என்றாள். எழுத்துப்பிழையைக்கூடத் திருத்தாமல் ஒரு பகுதியைத் தருகிறேன்:

“கோவலன் மாதவியிடம் போனான், அதுதான் அவன் குறை என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் அவன் மாதவியை விட்டு வந்ததும் அதே குறையால்தான். கடற்கரையில் அவள் பாடினாள். வேறு ஒருவன்மேல் மனம் வைத்துப் பாடுகிறாள் என்று நினைத்து எழுந்து போய்விட்டான். பாட்டைக் கேட்டான், பாடியவளைக் கேட்கவில்லை. அவள் கடிதம் கொடுத்து அனுப்பினாள். அதையும் வாங்கவில்லை. பிறகு மதுரையில் பாண்டியன் இதையே கோவலனுக்குச் செய்தான். சிலம்பு யார் கையில் இருக்கிறது என்று கேட்டான், கையில் வைத்திருந்தவனைக் கேட்கவில்லை. கண்ணகி அரசனைத் தேறா மன்னா என்றாள். அந்தச் சொல் கோவலனுக்கும் பொருந்தும். அவள் அதை அவனிடம் சொல்லவில்லை, அரசனிடம் சொன்னாள்.”

விடைக்குறிப்பை வைத்துப் பார்த்தால், முதல் புள்ளியை இவள் மறுக்கிறாள், இரண்டாவது இல்லவே இல்லை, ஊழைப் பற்றி ஒரு வரிகூடக் கிடையாது. 4 போட்டுவிட்டு அடுத்த தாளை எடுத்தேன். எதுவும் மனதில் ஏறவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டேன். இன்னும் மதிப்பெண் பட்டியலை ஒப்படைக்கவில்லை, மாற்றலாம். நீங்களாக இருந்தால் எவ்வளவு போடுவீர்கள்? எதற்காகப் போடுவீர்கள்?

மூன்றாம்பெஞ்சு | செவ்வாய், இரவு 10:05

மேடம், 9. ‘பாட்டைக் கேட்டான், பாடியவளைக் கேட்கவில்லை.’ இந்த ஒரு வரிக்கே.

ஏட்டுச்சுவடி | செவ்வாய், இரவு 10:40

அம்மா, வணக்கம். ஓய்வுபெற்று ஒன்பது ஆண்டுகள் ஆனாலும் விடைத்தாள் என்றால் இன்னும் கை பரபரக்கிறது. மாணவி நன்றாக எழுதுகிறாள், அதில் ஐயமில்லை. ஆனால் ஒரு வரி அழகாக விழுந்துவிட்டது என்பதற்காக 9 போட முடியாது.

நூலின் முன்னுரையான பதிகத்திலேயே மூன்று செய்திகள் சொல்லப்பட்டுவிட்டன: அரசியல் பிழைத்தோர்க்கு அறம் கூற்றாகும், உரைசால் பத்தினியை உயர்ந்தோர் ஏத்துவர், ஊழ்வினை உருத்துவந்து ஊட்டும். மூன்றாவதைத் தொடாமல் கோவலனைப் பற்றி எழுதினால் அந்தக் கட்டுரை எப்படி நிறைவு பெறும்?

அவள் எடுத்துக்கொண்ட கடற்கரைக் காட்சியையே பாருங்கள். ‘யாழிசைமேல் வைத்துத் தன் ஊழ்வினை வந்து உருத்தது ஆகலின்’ என்கிறார் இளங்கோ. யாழிசை ஒரு சாக்குத்தான், அவனை எழுப்பி அனுப்பியது வினை. அந்த வரியைத் தாண்டிக் குதித்துவிட்டு ‘அவன் கேட்கவில்லை’ என்று சொன்னால் மூலத்தைப் பாதிதான் படித்திருக்கிறாள் என்று ஆகிறது. மேலைநாட்டு அவலநாடகத்தில் தலைவனை ஒரு குறை வீழ்த்தும் என்பார்களே, அந்த அளவுகோலை நம் காப்பியத்தின்மேல் வைக்கிறோமோ என்ற கவலையும் எனக்கு உண்டு. கேள்வியிலேயே அந்தச் சாய்வு இருக்கிறது.

நான் 5 போடுவேன். ஓரத்தில் ‘ஊழ் எங்கே?’ என்று எழுதுவேன்.

நெய்தல் | செவ்வாய், இரவு 11:30

ஏட்டுச்சுவடி ஐயா காட்டிய வரியை எடுத்துப் பார்க்கப் போய்த்தான் இது என் கண்ணில் பட்டது. இவ்வளவு நாள் படித்தும் கவனிக்கவில்லை.

கொலைக்களக் காதையில் பாண்டியன் ஆணையிடும் இடத்தைப் பாருங்கள்: ‘வினைவிளை காலம் ஆதலின் யாவதும் சினையலர் வேம்பன் தேரான் ஆகி’. கடற்கரைக் காட்சி வரும் கானல்வரியில் ‘ஊழ்வினை வந்து உருத்தது ஆகலின்’. இங்கே ஆதலின், அங்கே ஆகலின். இரண்டு இடத்திலும் முதலில் வினை வந்து நிற்கிறது, அதை ஒட்டி ஒரு மனிதன் விசாரிக்காமல் ஒரு காரியம் செய்கிறான். ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருக்கிறது.

வினை வந்துவிட்டது என்று சொன்னதோடு இளங்கோ பாண்டியனை விட்டுவிடுகிறாரா? அதே மூச்சில் ‘தேரான்’, ஆராயாதவன், என்கிறார். கண்ணகி அவையில் வந்து நின்று ‘தேரா மன்னா, செப்புவது உடையேன்’ என்கிறாள். அரசனும் வினையின்மேல் பழியைப் போடவில்லை. ‘யானோ அரசன், யானே கள்வன்’ என்கிறான், ‘என்முதல் பிழைத்தது’ என்கிறான், விழுந்து சாகிறான். பாண்டியனிடம் ஊழும் பிழையும் சேர்ந்தே இருக்கலாம் என்றால் கோவலனிடமும் இருக்கலாம். ஐயா மறுப்பாகக் கொண்டுவந்த வரி எனக்கு அந்தப் பெண்ணுக்குச் சாட்சியாகத்தான் தெரிகிறது.

இன்னொன்று. பாண்டியன் எதையுமே பார்க்காமல் கொல்லச் சொன்னான் என்றுதான் நான் வெகுநாள் நினைத்திருந்தேன். ஆனால் அவன் ஒரு நிபந்தனை வைக்கிறான். ‘கன்றிய கள்வன் கையது ஆகில் கொன்று அச்சிலம்பு கொணர்க’. கையில் இருந்தால் கொல், அவ்வளவுதான். யாருடைய சிலம்பு என்பது கேள்வியிலேயே இல்லை. தேவி ஊடி, தலைநோவு என்று சொல்லி எழுந்து போயிருக்கிறாள். இவன் பின்னாலேயே அந்தப்புரத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறான். அந்த அவசரத்தில் பொற்கொல்லன் வந்து காலில் விழுகிறான். காவலர்கள் கோவலனைப் பார்த்ததும் ‘கொலைப்படு மகன் அலன்’ என்று தயங்குகிறார்கள். ஏவல் செய்தவர்களுக்கு இருந்த ஐயம்கூட ஆணையிட்டவனுக்கு இல்லை. ‘கையில் வைத்திருந்தவனைக் கேட்கவில்லை’ என்று அந்தப் பெண் எழுதியது இந்த இடத்தைத்தான் தொடுகிறது.

வினாக்குறி | புதன், காலை 6:20

எல்லோரும் உருகுகிறீர்கள். நான் கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுகிறேன், தவறாக நினைக்க வேண்டாம். இது அவளே எழுதியதா? இப்போது போனில் தலைப்பைத் தட்டினால் கட்டுரை வந்து விழுகிறது. என் வகுப்பில் போன மாதம் ஒரே கட்டுரை நான்கு கையெழுத்தில் வந்தது.

கரும்பலகை | புதன், காலை 7:10

வினாக்குறி சார், எனக்கும் அந்தச் சந்தேகம் வந்தது. நேற்று மதியம் அவளைக் கூப்பிட்டு, ‘இது எப்படித் தோன்றியது?’ என்று மட்டும் கேட்டேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். ‘கானல்வரி வகுப்பில் நீங்கள் நடந்தாய் வாழி காவேரி பாடிக் காட்டினீர்கள். நான் வீட்டில் போய் அர்த்தம் பார்த்தேன். அதில் இன்னொரு ஆள் எங்கே மேடம் வருகிறான்? அவள் ஆற்றைத்தானே பாடுகிறாள்?’

கொஞ்ச நேரம் எனக்குப் பேச்சு வரவில்லை. இவள் எழுதியதுதான். போனில் வருகிற கட்டுரையில் ‘தேறா மன்னா’ என்ற பிழையும் இருக்காது.

நான் தராமல் விட்ட ஒரு பத்தியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கட்டுரையின் தொடக்கத்தில், மாதவி ஆடி முடித்து வீசிய மாலை கோவலன் கழுத்தில் விழுந்தது, அதனால் அவளோடு போனான் என்று எழுதியிருக்கிறாள். ஊரில் கதையாகச் சொல்வதைக் கேட்டு எழுதியது. மூலத்தில் அப்படி இல்லை. அரங்கேற்று காதையில் மாலையைக் கையில் வைத்துக்கொண்டு கூனி தெருவில் நிற்கிறாள். ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன் பெறும் மாலை, இதை வாங்குபவன் கொடி போன்ற எங்கள் மாதவிக்குத் தக்கவன் என்று சொல்லி, நகரத்து இளைஞர்கள் போய்வரும் இடத்தில் விலை கூறுகிறாள். கோவலன் வாங்குகிறான். கூனியோடு மணமனை புகுகிறான்.

ஏட்டுச்சுவடி | புதன், காலை 8:00

இதை அற்பத் தகவல்பிழை என்று அரை மதிப்பெண்ணோடு விட்டுவிடாதீர்கள். குறையைப் பற்றிய கட்டுரையில் இது ஆணிவேர். மாலை தானாக வந்து விழுந்தால் அவன் செய்தது என்ன இருக்கிறது? காசு எண்ணிக் கொடுத்து வாங்கினான் என்றால்தான் அது அவன் செயல். தன் வாதத்துக்கு வேண்டிய முதல் சான்றைத் தானே கைநழுவ விட்டிருக்கிறாள்.

நெய்தல் சொன்ன ஆகலின், ஆதலின் பொருத்தத்தைக் காலையில் இரண்டு முறை படித்தேன். மறுக்க முடியவில்லை. பழைய உரையாசிரியர் அடியார்க்குநல்லார் என்ன சொல்கிறார் என்று பார்க்கலாம் என்றால், அவர் உரை ஊர்சூழ்வரி வரைதான் கிடைத்திருக்கிறது, நடுவில் கானல்வரிக்கும் இல்லை. இந்தப் பெண் நம்பி நிற்கிற கடற்கரைக்கும் பாண்டியன் அவைக்கும் அவர் துணை கிடையாது. அரும்பதவுரையையும் வேங்கடசாமி நாட்டார் உரையையும் வைத்துக்கொண்டு நாமேதான் படித்தாக வேண்டும்.

மரப்பாச்சி | புதன், காலை 9:15

நான் பள்ளி ஆசிரியை, பத்தாம் வகுப்பு. ‘தேறா மன்னா’ பற்றிச் சொல்ல வந்தேன். எழுத்துப்பிழைக்குக் கால் மதிப்பெண் குறைக்கிறோமே, அந்தக் கணக்கில் இதைச் சேர்க்காதீர்கள். தேர்தல் என்றால் ஆராய்தல். தேரா மன்னன் ஆராயாத மன்னன். தேறா என்று எழுதினால் தேர்வில் தேறாதவன் என்கிற மாதிரி ஆகிவிடுகிறது. அவள் கட்டுரை முழுவதும் அந்த ஒரு சொல்லின்மேல்தான் நிற்கிறது. அந்தச் சொல்லின் வேர் தெரிந்திருந்தால் இன்னும் ஒரு பத்தி எழுதியிருப்பாள்.

வகுப்பில் இதைச் சொல்லும்போது குறள் 510-ஐயும் சேர்த்துச் சொல்லுங்கள். ‘தேரான் தெளிவும் தெளிந்தான்கண் ஐயுறவும் தீரா இடும்பை தரும்.’ ஆராயாமல் ஒருவரை நம்புவது, நம்பியவர்மேல் பிறகு சந்தேகப்படுவது, இரண்டுமே தீராத துன்பம். மாலையை வாங்கியபோது கோவலன் செய்தது முதலாவது, கடற்கரையில் எழுந்து போனது இரண்டாவது. பொற்கொல்லன் பேச்சைக் கேட்ட பாண்டியனும் முதலாவதில்தான் வருகிறான். வள்ளுவர் அதை அரசியலில், தெரிந்து தெளிதல் என்ற அதிகாரத்தில் வைத்திருக்கிறார். இளங்கோ வீட்டுக்குள்ளும் அரண்மனைக்குள்ளும் ஒரே நேரத்தில் காட்டுகிறார். எனக்கு இதை எழுதும்போதே சிலிர்க்கிறது.

வினாக்குறி | புதன், காலை 10:30

சரி, அவளே எழுதியதுதான். ஒப்புக்கொள்கிறேன், அப்படிக் கேட்டதற்கு வருத்தமும் உண்டு. ஆனால் எதிர்ச்சான்று ஒன்றைச் சொல்ல வேண்டும். மாதவியை முழுக்கக் குற்றமற்றவளாக இவள் நிறுத்துகிறாள். மூலம் அப்படிச் சொல்லவில்லை.

முதலில் பாடியது கோவலன். ‘கங்கை தன்னைப் புணர்ந்தாலும் புலவாய் வாழி காவேரி’ என்று பாடுகிறான். சோழன் கங்கையோடு கூடினாலும் நீ ஊடமாட்டாய், காவேரி. அதைக் கேட்டதும் மாதவி, ‘மன்னும் ஓர் குறிப்பு உண்டு, இவன் தன்நிலை மயங்கினான்’ என்று நினைக்கிறாள். மகிழ்ந்தவள் போலக் காட்டிக்கொண்டு, ஊடலோடு யாழை வாங்கி, தானும் ஒரு குறிப்பு உடையவள் போலப் பாடுகிறாள். ஆக, பாட்டை மட்டும் கேட்டு முடிவுக்கு வந்ததில் அவள்தான் முந்தி. அவன் செய்தது குறை என்றால் அவள் செய்ததும் குறைதானே? இந்தக் கேள்வியை அந்தப் பெண் தன்னிடமே கேட்டிருக்க வேண்டும்.

நெய்தல் | புதன், மதியம் 1:20

அருமையான இடம், வினாக்குறி. இருவரும் தவறாகத்தான் புரிந்துகொள்கிறார்கள். அதற்குப் பிறகு நடப்பதையும் பாருங்கள். மாதவி அன்று மாலையே தாழைமடலில் கடிதம் எழுதித் தோழி வசந்தமாலையிடம் கொடுத்து அனுப்புகிறாள். கோவலன் வாங்க மறுக்கிறான். ‘ஆடல் மகளே ஆதலின்’ என்கிறான். அவள் இத்தனை நாள் தன்னிடம் காட்டிய அன்பு, ஊடல், வாட்டம் அத்தனையையும் வரிசையாகச் சொல்லி, எல்லாம் நடிப்பு, ஆடல் மகள் அல்லவா, அவளுக்கு அது பொருத்தம்தான் என்று முடித்துவிடுகிறான். ஒரு தொழிலைச் சொல்லி ஒருத்தியை அடைத்துவிடுகிற இந்த இடம் எனக்கு எப்போதும் வலிக்கும்.

ஆனால் அவள் விடவில்லை. இரண்டாவது கடிதம் எழுதுகிறாள். கோசிகன் என்ற அந்தணன் அதை எடுத்துக்கொண்டு அலைந்து, வழியில் கோவலனைக் கண்டு கொடுக்கிறான். புறஞ்சேரி இறுத்த காதையில் வருகிறது. ‘என் பிழைப்பு அறியாது’ என்கிறாள். நான் செய்த தவறு என்ன என்றே தெரியவில்லை, மனம் செயலற்றுக் கிடக்கிறது, தீர்த்துவையுங்கள் என்று கேட்கிறாள். அதைப் படித்ததும் கோவலன் ‘தன் தீது இலள்’ என்று உணர்கிறான், ‘என் தீது’ என்று உணர்கிறான்.

அந்த மாணவியின் வாதத்துக்குக் காப்பியத்திலேயே இதைவிடப் பலமான சான்று கிடையாது. குற்றவாளியே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி. ‘அதையும் வாங்கவில்லை’ என்று முதல் கடிதத்தோடு நிறுத்திவிட்டாள். அதுதான் எனக்கு ஆற்றாமை.

மூன்றாம்பெஞ்சு | புதன், மாலை 5:45

அடைக்கலக் காதையை யாரும் தொடவில்லையே. மாடலன் என்ற அந்தணன் வந்து கோவலனின் பழைய நல்ல செயல்களை அடுக்குவான். மதயானை பிடித்த முதிய அந்தணரைப் பாய்ந்து மீட்டது, பொய்ச்சாட்சி சொன்னவனைப் பூதம் பிடித்தபோது ‘என் உயிரை எடுத்துக்கொள்’ என்று முன்னால் போய் நின்றது. இவ்வளவு நல்லவனுக்கு ஏன் இப்படி என்று மாடலனே கேட்கிறான். எனக்கு என்ன தோன்றுகிறது என்றால், அங்கேயும் அவன் யோசிக்கவில்லை. பாய்ந்துவிட்டான். அவனைக் காப்பாற்றுபவனாக ஆக்கியதும் அழித்ததும் ஒரே குணம். இதையும் சேர்த்தால் கட்டுரை எங்கேயோ போய்விடும். 9-ல் உறுதியாக இருக்கிறேன்.

மரப்பாச்சி | புதன், மாலை 6:30

மூன்றாம்பெஞ்சு, நீங்கள் சொன்னது எனக்கும் பிடித்திருக்கிறது. ஆனால் அது உங்கள் கட்டுரை. நெய்தல் சொன்ன ஆகலின், ஆதலின் நெய்தலின் கட்டுரை. குறள் நான் கொண்டுவந்தது. நாம் ஐந்து பேர் சேர்ந்து எழுதிய கட்டுரைக்கு அவளுக்கு மதிப்பெண் போடக் கூடாது. தாளில் இருக்கிற மையை மட்டும் பார்க்க வேண்டும். திருத்துகிறவருக்கு ஒரு தாள் பிடித்துவிட்டால் எழுதாததையெல்லாம் எழுதியதாகவே படித்துவிடுவோம். நான் இந்தத் தப்பைச் செய்திருக்கிறேன். பின்பெஞ்சில் உட்கார்ந்து நேராக, சுருக்கமாக எழுதுகிற பிள்ளைக்கு அது அநியாயம்.

அது போகட்டும். கரும்பலகை மேடம், விடைக்குறிப்பைப் பார்த்து எழுதி 8 வாங்கியவர்களை என்ன செய்யப் போகிறீர்கள்? ஒருத்திக்கு மட்டும் அளவுகோலை மாற்ற முடியாதே.

ஏட்டுச்சுவடி | புதன், இரவு 8:10

மரப்பாச்சி சொல்வது நூற்றுக்கு நூறு சரி. தாளில் இருப்பதை மட்டும் வைத்து என் கணக்கைச் சொல்கிறேன். தன் கருத்து என்று ஒன்று இருக்கிறது, மூலத்தின் இரண்டு காட்சிகளை இணைத்து அதை நிறுவியிருக்கிறாள். அதற்கு 5-க்கு 5. சான்றுகளில் மாலைப் பிழை பெரிது, இரண்டாம் கடிதம் விடுபட்டிருக்கிறது. 3-க்கு ஒன்றரை. ஊழையோ மாதவியின் குறிப்பையோ எதிர்கொள்ளவில்லை, அதற்கான 1 கிடையாது. மொழிநடைக்கு 1, தேறா இருந்தாலும் தருகிறேன். ஏழரை. நேற்று 5 என்றேன், இன்று இதைச் சொல்வதில் எனக்குத் தயக்கம் இல்லை.

கரும்பலகை | வெள்ளி, இரவு 9:20

எல்லோருக்கும் நன்றி. இரண்டு நாளாக எல்லாத் தாளையும் மறுபடி எடுத்துத் திருத்தினேன். விடைக்குறிப்பை மேசையில் வைக்கவில்லை, சிலம்பை வைத்துக்கொண்டேன். ஏட்டுச்சுவடி ஐயாவின் பங்கீட்டையே எல்லோருக்கும் வைத்தேன்.

முதலில் 8 வாங்கிய சிலர் 6-க்கு இறங்கினார்கள். மூன்று புள்ளியும் இருந்தது, ஆனால் மேற்கோளைத் தூக்கிவிட்டாலும் பத்தி அப்படியே நிற்கும், ஒட்டவே இல்லை. ஒரு பையனுக்கு 6 போட்டிருந்தேன், 8 ஆனது. ‘இலம்பாடு நாணுத் தரும் எனக்கு’ என்ற வரியை எடுத்துக்கொண்டு, வீடு திரும்பிய கோவலனுக்கு வெட்கம் தருவது வறுமைதான், கண்ணகியை விட்டுப்போனது அங்கே பேச்சிலேயே வரவில்லை, அந்த வெட்கம் கொலைக்களக் காதையில்தான் வருகிறது என்று நான்கே வரியில் எழுதியிருந்தான். முதல் தடவை அதன்மேல் டிக் போட்டுவிட்டுக் கடந்து போயிருக்கிறேன்.

அந்த மாணவிக்கு ஏழரை போட்டேன். ஓரத்தில் மூன்று குறிப்பு எழுதினேன்: மாலை விழவில்லை, அவன் வாங்கினான், அரங்கேற்று காதை பார். தேரா, தேறா இரண்டுக்கும் பொருள் பார். மாதவி இரண்டாவது கடிதம் எழுதினாள், அதை ஏன் விட்டாய்?

இன்று தாளைக் கொடுத்தேன். வகுப்பு முடிந்ததும் வந்து நின்றாள். மதிப்பெண்ணைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. மூன்றாவது குறிப்பின்மேல் விரலை வைத்து, ‘மேடம், இரண்டாவது கடிதம் நம் பாடத்தில் இல்லையே’ என்றாள்.

புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன். இல்லை. எங்கள் பாடநூலில் கானல்வரியும் வழக்குரை காதையும்தான் மூலமாக இருக்கின்றன, மற்றதெல்லாம் இரண்டு பக்கக் கதைச்சுருக்கம். சுருக்கத்தில் முதல் கடிதம் மட்டும் ஒரு வரியில் வருகிறது. அரங்கேற்று காதையும் கிடையாது, ஆகையால் மாலை எப்படி வந்தது என்பதை அவள் தெரிந்துகொள்ள வழியே இல்லை. நாங்கள் படிக்கக் கொடுக்காத காதைகளுக்காக அவளிடம் மதிப்பெண் குறைத்திருக்கிறேன். அவள் முன்னாலேயே ஏழரையை அடித்து ஒன்பது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஒன்று குறைந்ததற்கு மாதவியின் குறிப்பும் ஊழும் காரணம், அவை இரண்டும் கானல்வரியிலேயே இருக்கின்றன என்று சொன்னேன். தலையாட்டினாள்.

அப்புறம் நூலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். முழு நூல், உரையோடு, ஒரே ஒரு படி இருந்தது. புறஞ்சேரி இறுத்த காதையை எடுத்துக் கொடுத்தேன். உட்காரச் சொன்னதைக் கவனிக்கவில்லை, அலமாரி பக்கத்தில் நின்றபடியே படித்தாள். ‘தன் தீது இலள்’ வந்ததும் நிமிர்ந்து, ‘இதை அவன் அவளுக்குத் திரும்ப எழுதி அனுப்பினானா மேடம்?’ என்று கேட்டாள்.

அவன் செய்ததைச் சொன்னேன். அவள் எழுதிய அந்த ஓலையையே என் பெற்றோருக்கும் பொருந்தும் என்று சொல்லி, புகாரில் அவர்களிடம் காட்டும்படி கோசிகனிடம் திருப்பிக் கொடுத்துவிடுகிறான். மாதவிக்கு என்று ஒரு சொல்லும் இல்லை.

‘அப்போ இன்னும் கேட்கவில்லை’ என்றாள். புத்தகத்தைத் தன் பெயரில் பதிந்து எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள்.